மந்திரி என்ற பெயரில் மறைந்தவர்: தமிழ் வேதாகமச் சொற்களும் பால்புதுமையரும்

ஓய்வுநாள் பள்ளி ஆண்டு விழாவில் எனக்குக் கிடைத்த முதல் வேஷம் எத்தியோப்பிய மந்திரி. இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் ஒரு நாற்காலி வைத்தார்கள், அதுதான் இரதம். சித்தியின் பட்டுச்சேலையை மடித்துத் தோளில் போட்டுவிட்டார்கள். பழைய காலண்டர் தாளைச் சுருட்டி ஏசாயாவின் சுருள் என்று கையில் கொடுத்தார்கள். நான் சொல்லவேண்டிய வசனம் ஒன்றுதான்: "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" வழியில் தனக்கு வேதத்தை விளக்கிய பிலிப்பிடம் அந்த மந்திரி கேட்பது, அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரம். இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

அந்த மந்திரி ஓர் அண்ணகர் என்று தெரிந்துகொள்ள எனக்கு அதன்பின் இருபது வருஷம் ஆயிற்று. கிரேக்க மூலத்தில், அந்த நூலை எழுதிய லூக்கா அவருக்குப் பெயர் சொல்லவில்லை. 'யூனுகோஸ்', அதாவது விதையடிக்கப்பட்டவர், என்றே அந்த ஒரு அதிகாரத்தில் ஐந்து முறை குறிப்பிடுகிறார். நாம் கையில் வைத்திருக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த ஐந்து இடங்களில் எங்கும் அண்ணகர் இல்லை. மந்திரிதான் இருக்கிறார்.

அதே வேதாகமத்தில் 1 கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்துக்குப் புரட்டினால் நிலைமை வேறு. தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்க முடியாதவர்களின் பட்டியலில் "ஆண்புணர்ச்சிக்காரரும்" என்று பச்சையாக அச்சாகியிருக்கிறது. சிறுபிள்ளைகளும் சத்தமாக வாசிக்கும் புத்தகத்தில் அந்தச் சொல்லை வைக்க யாரும் கூசவில்லை. வரவேற்கிற இடத்தில் ஆளை மறைத்த மொழி, விலக்குகிற இடத்தில் உரக்கப் பேசுகிறது. சபைகளில் பால்புதுமையர், அதாவது தன்பாலீர்ப்புள்ளவர், திருநங்கையர் போன்றோர், பற்றி எழும் சண்டையை வசனங்களைப் பற்றிய சண்டை என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். வசனத்துக்கு முன்னால் சொல் இருக்கிறது. அந்தச் சொற்கள் எப்படி வந்தன, நம் காதில் என்னவாக விழுகின்றன என்பதைப் பார்க்காமல் இந்தச் சண்டை விளங்காது.

தரங்கம்பாடிக்கு வந்த வழி

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்க் தமிழில் ஆக்கிய புதிய ஏற்பாடு 1715வாக்கில் அச்சேறி முடிந்தது. அவருக்குப் பின் வந்த பப்ரிசியஸ் சென்னை வேப்பேரியில் இருந்துகொண்டு அதைப் புதிதாக மொழிபெயர்த்தார். பாளையங்கோட்டையில் இரேனியஸ் தம் பங்குக்கு ஒன்று செய்தார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவலோடு சேர்ந்து ஆறுமுக நாவலர் உழைத்த மொழிபெயர்ப்பும் உண்டு. கடைசியில் ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்த திருத்தம்தான் இன்று சீர்திருத்த சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் 'பழைய மொழிபெயர்ப்பு' என்று வழங்குகிறது. நம் பாட்டிமார் மனப்பாடம் செய்ததும், கன்வென்ஷன் பந்தல்களில் ஒலிப்பதும் அதுதான்.

இவர்களில் முன்னோடிகள் பலர் ஜெர்மானிய லூத்தரன்கள். லூத்தரின் ஜெர்மன் வேதாகமத்திலும் எட்டாம் அதிகாரத்து மனிதர் அண்ணகராக வருவதில்லை. அரண்மனைப் பள்ளியறை அதிகாரியைக் குறிக்கும் 'கெமரர்' என்ற சொல்லைத்தான் லூத்தர் அங்கே போட்டார். நம் மந்திரி அந்த நிழலில் பிறந்தவராக இருக்கலாம் என்பது என் ஊகம். பழைய ஏற்பாட்டிலும் இதே கதைதான். தானியேலையும் அவன் தோழர்களையும் பொறுப்பேற்கும் அஸ்பேனாஸ் எபிரெயத்தில் 'சாரீஸ்'களின் தலைவன், தமிழில் "பிரதானிகளின் தலைவன்". நியாயமாகச் சொன்னால், சாரீஸ் என்ற எபிரெயச் சொல்லுக்கு அண்ணகர், அரண்மனை அதிகாரி என்று இரண்டு பொருளும் உண்டு. ஆகவே மொழிபெயர்ப்பாளர்கள் கெட்ட எண்ணத்தோடு மறைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அப்போஸ்தலர் எட்டில் லூக்கா, அண்ணகர் என்பதை ஒரு சொல்லாலும் அதிகாரி என்பதை வேறொரு சொல்லாலும் தனித்தனியாகச் சொல்கிறார். தமிழில் முதலாவது உதிர்ந்துபோய், பதவி மட்டும் மிஞ்சியது.

அவர்களுக்கு அண்ணகர் என்ற சொல் தெரியாமல் இல்லை. மத்தேயு 19:12இல் இயேசுவே பேசுகிறார்: "தாயின் வயிற்றிலிருந்து அண்ணகர்களாய்ப் பிறந்தவர்களும் உண்டு, மனுஷர்களால் அண்ணகர்களாக்கப்பட்டவர்களும் உண்டு, பரலோகராஜ்யத்தினிமித்தம் தங்களை அண்ணகர்களாக்கிக்கொண்டவர்களும் உண்டு." இங்கே மந்திரி என்று போட்டால் வாக்கியமே நிற்காது, ஆகையால் சொல் வந்துவிட்டது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இந்த வசனத்தில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, மண உறவு கொள்ள முடியாதவர் என்று விளக்கமாகச் சொல்லிப் போகிறது.

மந்திரி என்று வாசிக்கும்போது எதை இழக்கிறோம்? அவர் எருசலேமுக்குத் தொழுதுகொள்ளப் போய்விட்டுத் திரும்புகிறவர். உபாகமம் 23:1 அவரைப் போன்றவர் "கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது" என்று தீர்த்துச் சொல்கிறது. நைல் நதிக்கரையில், இன்றைய சூடானில் இருந்த மெரோவே அரசின் பொக்கிஷத்தையே கையில் வைத்திருந்தவர், எத்தனையோ நாள் பயணம் பண்ணி வந்தும் அவருக்கு உள்ளே இடமில்லை. அந்த வழியில் அவர் வாசித்துக்கொண்டிருப்பது ஏசாயா 53. ஆட்டைப்போல அடிக்கப்படக் கொண்டுபோகப்பட்ட ஒருவரைப் பற்றிய பகுதி. அதில் ஒரு வரி: "அவருடைய வம்சத்தை யாராலே சொல்லிமுடியும்." பிள்ளை பெற வழியில்லாமல் ஆக்கப்பட்ட ஒருவர் வம்சம் என்ற சொல்லில் விரலை வைத்து நிறுத்தி, "தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார்? தம்மைக்குறித்தோ, வேறொருவரைக்குறித்தோ?" என்று கேட்கிறார். மந்திரி கேட்டால் அது வேதபாட சந்தேகம். அண்ணகர் கேட்கும்போது தன் பிழைப்பையே கேட்கிறார்.

அந்தச் சுருளை இன்னும் கொஞ்சம் விரித்தால் ஐம்பத்தாறாம் அதிகாரம். "அண்ணகனும்: இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக" என்கிறது. குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரியதைப் பார்க்கிலும் உத்தம இடத்தையும் "என்றும் அழியாத நித்திய நாமத்தை"யும் தருவேன் என்று வாக்குக் கொடுக்கிறது. உபாகமம் அடைத்த கதவை ஏசாயா திறக்கிறார், அப்போஸ்தலர் எட்டில் ஒருவர் அதன் வழியாக உள்ளே வருகிறார். வேதம் தனக்குள்ளேயே நடத்தும் இந்த உரையாடலின் கடைசிக் கண்ணி தமிழ் வாசகனுக்கு அறுந்துபோயிருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். முதல் நூற்றாண்டு அண்ணகரும் இன்றைய திருநங்கையும் ஒருவரே அல்லர், தன்பாலீர்ப்புள்ளவர் நிச்சயமாக அல்லர். இந்த ஒரு அதிகாரத்தை வைத்து எல்லாக் கேள்வியையும் தீர்த்துவிட முடியாது. உடலைக் காரணம் காட்டிச் சபைக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர் அந்தக் காரணம் நீங்காமலே உள்ளே சேர்க்கப்பட்டார் என்பதை மட்டும் இது காட்டுகிறது. அதுவே சிறிய செய்தி அல்ல.

காரர்

கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் பவுல் தரும் அந்தப் பட்டியலுக்கு வருவோம். கொரிந்தியரில் அடுத்தடுத்து இரண்டு கிரேக்கச் சொற்கள் வருகின்றன: 'மலகோய்', 'அர்செனொகொய்டாய்'. தமிழில் "சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்".

மலகோஸ் என்றால் மெதுவானது, மென்மையானது. மத்தேயு 11:8இல் யோவானைப் பற்றிப் பேசும்போது "மெல்லிய வஸ்திரந்தரித்த மனுஷனையோ?" என்று இயேசு கேட்கிறாரே, அந்த 'மெல்லிய' இதே கிரேக்கச் சொல்தான். துணிக்கு வந்தால் மெல்லிய, மனிதருக்கு வந்தால் என்ன? கட்டுப்பாடில்லாதவன், சொகுசுக்காரன், பெண்தன்மையுள்ளவன், ஆணுக்கு இணங்கும் இளைஞன் என்று ஆளுக்கொரு பொருள் சொல்லி வந்திருக்கிறார்கள். ஐரோப்பிய இடைக்காலத்தில் இதன் லத்தீன் வடிவம் தன்னின்பத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அந்தப் பொருளில்தான் எழுதினார். நம் தமிழ் வேதாகமம் அந்த இடைக்கால விளக்கத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. இன்றைய அறிஞர்களில் அப்படிப் பொருள்கொள்பவர் அரிது. எனவே "வேதம் தெளிவாகச் சொல்கிறது" என்று யாராவது இந்த வசனத்தைக் காட்டினால், கையிலிருக்கும் தமிழ்ப் பக்கமே அதற்கு மறுசாட்சி. 'ஆண்புணர்ச்சிக்காரர்' என்பதற்கு முந்தைய சொல்லே தெளிவாக இல்லை.

அடுத்த சொல் இன்னும் கடினம். ஆண், படுக்கை என்ற இரண்டையும் ஒட்டிய கூட்டுச்சொல். பவுலுக்கு முன் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. லேவியராகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த இரண்டு சொற்களும் பக்கம்பக்கமாக வருவதால் அங்கிருந்து பவுல் ஆக்கியிருப்பார் என்பது ஒரு தரப்பு. அதில் பலமிருக்கிறது என்றே எனக்கும் படுகிறது. சொல்லின் பிறப்பை வைத்து அதன் புழக்கத்தைச் சொல்லிவிட முடியாது என்பது மறுதரப்பு. அடிமைச் சிறுவர்களும் விலைக்கு வாங்கப்பட்ட உடல்களும் மலிந்திருந்த ரோமப் பேரரசில் இந்தச் சொல் எதைச் சுட்டியது என்று அவர்கள் கேட்கிறார்கள். 1 தீமோத்தேயுவில் இதே சொல்லுக்கு அடுத்து நிற்பவர்கள் "மனுஷரைத் திருடுகிறவர்கள்", அதாவது ஆள்பிடித்து விற்கிறவர்கள். லூத்தர் இதைச் சிறுவர்களைக் கெடுப்பவர் என்ற பொருளில் மொழிபெயர்த்தார்.

1946இல் வெளிவந்த திருத்தப்பட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாடு இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாக்கி 'ஹோமோசெக்சுவல்ஸ்' என்று போட்டது. ஆங்கில வேதாகமம் ஒன்றில் அந்தச் சொல் வந்தது அதுவே முதல் முறை. 1959இல் ஓர் இளம் இறையியல் மாணவர் மொழிபெயர்ப்புக் குழுவுக்குக் கடிதம் எழுதி, இது தவறு, இதனால் ஆட்கள் நொறுங்குவார்கள் என்று எச்சரித்தார். குழு 1971 பதிப்பில் சொல்லை மாற்றியது. அதற்குள் அந்தச் சொல் மற்ற மொழிபெயர்ப்புகளுக்கும் பிரசங்க பீடங்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

'ஹோமோசெக்சுவல்' என்ற சொல்லே 1869இல்தான் அச்சில் முதன்முதல் வந்தது. பிரஷ்யச் சட்டத்தை எதிர்த்து கெர்ட்பெனி என்பவர் எழுதிய துண்டுப்பிரசுரத்தில் அது பிறந்தது. நம் பழைய மொழிபெயர்ப்பு முடிந்தது 1871. ஒருவருடைய ஈர்ப்பு அவருடைய இயல்பின் பகுதி என்ற எண்ணமே அந்தக் குழுவின் மேசைக்கு வந்திருக்க வழியில்லை. அவர்களுக்குத் தெரிந்தது செயல் மட்டுமே. ஆகவே செயலோடு 'காரர்' சேர்த்தார்கள். பால்காரர், கடைக்காரர், வண்டிக்காரர் என்று ஒருவர் பிழைப்பைச் சொல்ல நாம் அன்றாடம் ஒட்டுகிற விகுதி. விளைவு என்னவென்றால், பதினாறு வயதில் தன் மனம் யார் பக்கம் சாய்கிறது என்று பயந்துபோய் வேதத்தைத் திறக்கும் ஒரு பையன், யாரையும் தொட்டுக்கூட இராத பையன், தன் பெயரை அங்கே 'புணர்ச்சிக்காரன்' என்று வாசிக்கிறான். இதைவிடக் கொடுமையாக ஒரு பிள்ளைக்கு அவனை அறிமுகப்படுத்த முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ரோகம், அருவருப்பு

ரோமர் முதல் அதிகாரம்தான் எல்லாவற்றிலும் கனமான பகுதி. பெண்களையும் குறிப்பிடுவதாகப் பலர் எடுத்துக்கொள்ளும் ஒரே வசனமும் இங்கேதான். தமிழ் சொல்கிறது: "இதினிமித்தம் தேவன் அவர்களை இழிவான இச்சைரோகங்களுக்கு ஒப்புக்கொடுத்தார்." கிரேக்கத்தில் இருப்பது 'பாத்தே', அதாவது உணர்ச்சிவேகங்கள். ஆங்கிலத்தில் அது வெறும் உணர்ச்சியாகவே நிற்கிறது. தமிழ்தான் அதை ரோகமாக்கியது. ரோகம் என்றால் மருந்து வேண்டும், மருந்து என்றால் எண்ணெய் பூசி ஜெபம், உபவாசம், விடுதலை ஊழியம். மாடியறையில் உட்காரவைத்துத் தலையில் கைவைத்து அழுத்தி, "அசுத்த ஆவியே, வெளியே போ" என்று தொண்டை கிழியக் கத்தும் கூட்டத்தில் நான் ஒருமுறை இருந்திருக்கிறேன். நடுவில் உட்கார்ந்திருந்தவர் என் வயதுக்காரர். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு "போயிற்றா?" என்று கேட்டார்கள். "போயிற்று" என்றார். அவர் கண் தரையில் இருந்தது. அந்த வருஷத்தோடு சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவு, பாலீர்ப்பை 'குணப்படுத்துவதாக'ச் சொல்லும் சிகிச்சைகளைத் தடை செய்யச் சொன்னது. மறுவருஷம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. மருத்துவர் கையைக் கட்டியாயிற்று. ஜெபவீட்டு மாடியறைக்கு மருத்துவ ஆணையத்தின் கை எட்டாது.

அதே ரோமர் பகுதியில் "சுபாவத்துக்கு விரோதமான" என்ற தொடர் வருகிறது. இந்தத் தொடரை அப்படியே நினைவில் வைத்துக்கொண்டு பதினோராம் அதிகாரத்துக்குப் போங்கள். புறஜாதியாராகிய நம்மைத் தேவன் எப்படிச் சேர்த்துக்கொண்டார் என்று பவுல் விளக்குகிறார். காட்டொலிவமரத்திலிருந்து வெட்டப்பட்டு, "சுபாவத்திற்கு விரோதமாய் நல்ல ஒலிவமரத்திலே ஒட்டவைக்கப்பட்டிருந்தால்" என்கிறார். கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே சொற்கள்தான். முதல் அதிகாரத்தில் குற்றமாக வந்தது, பதினோராம் அதிகாரத்தில் தேவன் செய்த வேலையாக வருகிறது. இதனால் முதல் அதிகாரத்தின் கண்டனம் இல்லாமல் போய்விடாது. ஆனால் சுபாவத்துக்கு மாறானது எல்லாமே தேவனுக்கு மாறானது என்று இந்தத் தொடரை மட்டும் வைத்துச் சாதிக்கவும் முடியாது. 1 கொரிந்தியர் 11இல் ஆண் தலைமயிரை நீளமாய் வளர்ப்பதையும் பவுல் சுபாவத்தைக் காட்டித்தான் கண்டிக்கிறார். அதை வைத்து யாரையும் சபையிலிருந்து நீக்கியதாக நான் கேட்டதில்லை.

ஆணோடு ஆண் சேர்வதைத் தடுக்கும் லேவியராகம வசனத்தில் வரும் "அருவருப்பானது" என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று கவனிக்கவேண்டும். எபிரெயத்தில் 'தோஏபா'. ஒரு கூட்டத்தின் வழிபாட்டு எல்லையை மீறுவது, அவர்களுக்கு ஆகாதது என்ற பொருள் அதில் உண்டு. மேய்ப்பர் எகிப்தியருக்கு அருவருப்பாயிருக்கிறார்கள் என்று ஆதியாகமம் சொல்வது அந்த வகை. உபாகமம் 14 தின்னத்தகாத மிருகங்களுக்கு அதே சொல்லைப் போடுகிறது. நீதிமொழிகளில் "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது." தமிழில் அருவருப்பு என்பது உடம்பு கூசுவது, குமட்டுவது. சோற்றில் மயிர் கிடந்தால் வருவது. தராசைப் பற்றி வாசிக்கும்போது யாருக்கும் குமட்டுவதில்லை, ஆளைப் பற்றி வாசிக்கும்போது குமட்டுகிறது. எடையில் ஏமாற்றும் கடைக்காரர் சபைக் கமிட்டியில் உட்கார்ந்திருக்கலாம்.

தன்பால் உறவுக்காக அழிந்த ஊர் என்று பிரசங்கிக்கப்படும் சோதோமும் அப்படியே. சோதோமின் அக்கிரமம் எது என்று எசேக்கியேல் 16:49 நேராகவே சொல்கிறது. கெர்வத்தையும் ஆகாரத்திரட்சியையும் சொல்லிவிட்டு, "சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை" என்கிறது. இந்த வசனத்தை வைத்து ஒரு சோதோம் பிரசங்கம் கேட்க எனக்கு இன்னும் கொடுத்துவைக்கவில்லை.

பிரசங்க பீடத்துச் சொல் பீடத்தோடு நிற்பதில்லை. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு "இயற்கையின் ஒழுங்குக்கு விரோதமான" உறவு என்று எழுதியது. ரோமர் முதல் அதிகாரத்தின் வாசனை அதில் அப்படியே அடிக்கிறது. 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தளர்த்தியபோது எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் அப்போஸ்தல சபைகளின் கூட்டமைப்பும் உத்கல் கிறிஸ்தவ மன்றமும் இருந்தன. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், மனமொத்த வயதுவந்தோரின் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது.

வெளிநாட்டுச் சபைகளின் சண்டையும் பல சமயம் ஒரு தொடரைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. அமெரிக்காவை மையமாகக் கொண்ட ஐக்கிய மெதடிஸ்ட் சபை 1972இல் தன் ஒழுங்குப் புத்தகத்தில் தன்பால் உறவு "கிறிஸ்தவ போதனைக்கு ஒவ்வாதது" என்று ஒரு வரி சேர்த்தது. அந்த வரியை எடுக்க 52 வருஷம் ஆயிற்று. 2024 மே மாதம் சார்லட் நகரில் கூடிய பொது மாநாடு அதை நீக்கியது. அதற்குள் அமெரிக்காவில் அதன் சபைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பிரிந்து போய்விட்டிருந்தது.

கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 'ஒழுங்கு' என்ற சொல்லில் நிற்கிறது. தன்பால் ஈர்ப்பு புறநிலையில் ஒழுங்கு பிறழ்ந்தது என்று அது சொல்கிறது, அதே இடத்தில் இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கவேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இறையியலாளருக்கு ஒழுங்கு என்பது அக்குவினாஸ் வழிவந்த தத்துவச் சொல், ஒன்று அதன் இறுதி நோக்கத்தை நோக்கி அமைந்திருப்பது. தமிழில் அதை எப்படித் திருப்பினாலும் பெற்றோர் காதில் 'ஒழுங்கீனம்' என்றுதான் விழும். ஒழுங்கீனமான பிள்ளை என்றால் நம் வீடுகளில் பிரம்பு எடுப்பார்கள். 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான், ஒரே பாலினத் தம்பதியருக்கு வழிபாட்டு முறையாக அல்லாமல் எளிய ஆசி வழங்கலாம் என்று அறிவித்தது. போதனையின் சொற்கள் மாறவில்லை. ஆப்பிரிக்க ஆயர்கள் பெரும்பாலோர் ஏற்க மறுத்தார்கள்.

அரசிதழில் வந்த சொற்கள்

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தில் சபையைவிட அரசாங்கமும் சமூகமும் மொழியில் முந்திப் போயின. அலி என்றும் அதைவிடக் கேவலமாகவும் அழைக்கப்பட்டவர்கள் திருநங்கையர் ஆனார்கள். 2008இல் அவர்களுக்காக நலவாரியம் அமைந்தது. ஆனந்த் வெங்கடேஷ் தொடர்ந்து வற்புறுத்தியதால் 2022 ஆகஸ்டில் ஒரு சொற்பட்டியல் அரசிதழிலேயே வெளியானது. பால்புதுமையர், தன்பாலீர்ப்பு, திருநம்பி, ஊடுபால் போன்றவை அப்படி அரசாங்கச் சொற்களாயின. 'ஓரினச்சேர்க்கை' என்று பத்திரிகைகள் எழுதியபோது மனத்தில் எழுந்தது படுக்கை. 'தன்பாலீர்ப்பு' என்னும்போது எழுவது மனம். இந்த ஒரு மாற்றத்துக்காகவே அந்தப் பட்டியலைச் செய்தவர்களுக்கு நான் நன்றியுள்ளவன்.

இது நம் மொழிக்குப் புதிய பெருந்தன்மையும் அல்ல. ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயருக்குத் தனி விகுதி இல்லை, ஆயினும் அவர்கள் உயர்திணையே என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. அதே நூற்பாவில் அவர்களுக்குப் பக்கத்தில் தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களை வைத்திருக்கிறது.

சபைக்குள் என்ன நடக்கிறது? திருநங்கையருக்குக் கொஞ்சம் கதவு திறந்திருக்கிறது. 2010களின் தொடக்கத்தில் சென்னைக்கு அருகே இந்திய சுவிசேஷத் திருச்சபையில் பாரதி என்ற திருநங்கை போதகராகப் பொறுப்பேற்றது செய்தியாயிற்று. இந்திய தேசியத் திருச்சபை மன்றம் பாலின, பாலியல் பன்மை குறித்துச் சபைகளோடு சில ஆண்டுகளாகப் பேசி வருகிறது. தன்பாலீர்ப்புள்ளவர் விஷயத்திலோ மௌனம், இல்லையேல் கண்டனம். இந்த வித்தியாசத்துக்குப் பல காரணம் சொல்லலாம். நான் காண்பது மொழியின் காரணம். அண்ணகர் 'தாயின் வயிற்றிலிருந்து பிறக்கிறார்', புணர்ச்சிக்காரர் 'செய்கிறார்'. பிறப்புக்கு இரக்கம், செயலுக்குத் தண்டனை. ஒரு சாராருக்கு ஏசாயாவும் இயேசுவும் பேசிய வார்த்தை கையில் இருக்கிறது. மற்றவர்களுக்குத் தமிழ் வேதத்தில் கிடைத்த பெயரெல்லாம் குற்றப்பெயர்.

திறந்த கதவும் முழுக்கத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களின் கிறிஸ்தவக் கோயில்களில் இன்றும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்தான் உட்காருகிறோம். சபையார் சேர்ந்து விருந்துண்ணும் ஓர் அசனப் பண்டிகை ஞாயிறு, ஆராதனை தொடங்கியபின் ஒரு திருநங்கை உள்ளே வந்தார். வெள்ளைச் சேலை, முக்காடு, கையில் காலிக்கோ கட்டிய வேதாகமம். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பெண்கள் பக்கம் ஓர் அக்கா லேசாக நகர்ந்ததையும், உடனே பக்கத்திலிருந்தவர் அவர் முழங்கையைப் பிடித்ததையும் நான் பார்த்தேன். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வந்து கடைசித் தூணுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அவர் மரியாதையாகத்தான் போட்டார். "இங்க உக்காருங்கம்மா" என்றார். அந்த 'அம்மா' எங்கள் கோயிலில் அன்று பேசப்பட்ட நல்ல வார்த்தை. ஆனால் அந்த நாற்காலி எந்தப் பக்கத்திலும் இல்லை. திருவிருந்துக்கு ஆண்கள் போய் வந்தார்கள், பெண்கள் போய் வந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. எந்த வரிசையில் வரவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று நான் சொல்லியிருக்கவேண்டியது சின்ன வயதிலேயே எனக்கு மனப்பாடமான வசனம். "தடையென்ன?" என்று மந்திரி கேட்டதும், நம் பழைய மொழிபெயர்ப்பில் முப்பத்தேழாம் வசனம் வருகிறது: "நீர் முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை" என்று பிலிப்பு நிபந்தனையோடு பதில் சொல்கிறார். அந்த வசனம் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. பிற்காலத்தில் யாரோ சேர்த்தது என்பதில் இன்று அறிஞர்களிடையே பெரிய கருத்துவேறுபாடு கிடையாது. புதிய மொழிபெயர்ப்புகள் பல அதை அடிக்குறிப்புக்கு இறக்கிவிட்டன. பழைய பிரதிகளில் பிலிப்பு பதிலே சொல்வதில்லை. அண்ணகர் கேட்கிறார். அடுத்த வரியில் இரதம் நிற்கிறது, இருவரும் தண்ணீரில் இறங்குகிறார்கள்.